மூன்றாம் போர்ட்டின் நகல்

மலர்கொடியைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். எங்கள் கம்பெனியின் ஆண்டு விழா மலரில் மேனேஜர் செந்தில்நாதனைப் பற்றி இரண்டு பக்கம் வந்திருக்கிறது, கோட்டு போட்ட போட்டோவோடு. ‘தொழில்நுட்பச் சிற்பி’ என்று தலைப்பு. அதைப் படித்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கம்பெனி என்றால் சுரங்கக் கம்பெனி இல்லை. நெய்வேலி நகரியத்தில் துப்புரவுக்கும் தோட்ட வேலைக்கும் குழாய் வேலைக்கும் ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட் கம்பெனி. பெயரைச் சொன்னால் எனக்குத்தான் வம்பு. நான் அங்கே டைம் ஆபீஸ் கிளார்க், ஜெயராமன். அப்பா சிவகங்கைப் பக்கமிருந்து வந்து மைன்ஸில் பர்மனென்ட்டாக இருந்து ரிட்டயரானவர். நான் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, எங்கேயும் பர்மனென்ட் ஆகாமல், நகரியத்தின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே வாடகை வீட்டில் இருக்கிறவன். ஆகவே, பர்மனென்ட் ஆனவர்களைப் பற்றி நான் நாலு வார்த்தை கடுமையாகச் சொன்னால் அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் கலந்திருக்கும்.

மலர்கொடிக்கு ஊர் வளையமாதேவி. முப்பத்தைந்து வயது. குடும்ப நிலத்தில் பாதிக்கு மேல் சுரங்கத்துக்குப் போய்விட்டது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். ஆறாவது படிக்கும் அபி என்ற மகளைக் காலையில் பள்ளியில் இறக்கிவிட்டு, ஸ்கூட்டியில் வந்து சேருவாள். எங்கள் ஆபீஸில் இருபது கம்ப்யூட்டர், ஆறு கேமரா, இரண்டு பிரின்டர், கேட்டில் விரல் வைக்கும் மெஷின், எல்லாம் அவள் கைபட்டுத்தான் ஓடுகின்றன. ஆனால் ரெக்கார்டில் அவள் ‘ஹெல்பர், அன்ஸ்கில்டு’. பதவியை மாற்றச் சொல்லி மூன்று தடவை மனு கொடுத்தாள். “கேட்டகரி ஃபுல்லாயிடுச்சும்மா” என்று செந்தில்நாதன் மூன்று தடவையும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார். அந்த மட்டில் மனிதர் நிலையான புத்திக்காரர்.

கைப்பையில் டெஸ்டரும் நெயில் பாலிஷும் வைத்திருப்பாள். நெயில் பாலிஷ் விரலுக்கு இல்லை, கேபிளுக்கு. எந்த ஒயர் எந்த அறைக்குப் போகிறது என்று நுனியில் ஒரு பொட்டு வைத்துவிடுவாள். கேமராவுக்குப் பச்சை, பிரின்டருக்கு ரோஸ். கம்பெனி லேபிள் மெஷின் வாங்கித் தராது. ஆண்டு விழாவுக்குச் சால்வை மட்டும் டஜன் கணக்கில் வாங்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் ஜூன் மாதத்தில் விருத்தாம்பாளின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தார்கள்.

விருத்தாம்பாள் துப்புரவுக் குழுவில் பதினோரு வருடமாக இருப்பவள். அந்தக் குழுவில் ஆறு பெண்கள். காலை ஆறு மணிக்கு மெஷினில் விரல் வைத்து உள்ளே வருவார்கள், மதியம் இரண்டுக்கு விரல் வைத்து வெளியே போவார்கள். ஜூனில் திடீரென்று ஆறு பேருக்கும் இரண்டு மணிப் பதிவு விழாமல் போயிற்று. தினமும் இல்லை, ஆனால் பெரும்பாலான நாட்களில். ஒற்றைப் பதிவு இருந்தால் அன்றைக்கு ஆப்சென்ட். மாதத்தில் ஆறு ஆப்சென்ட் ஆனால் கேட் பாஸ் புதுப்பிக்க மாட்டார்கள். கேட் பாஸ் இல்லாதவருக்கு வேலை இல்லை. அதிலே ஒளிவு மறைவு ஒன்றும் கிடையாது.

மற்ற ஐந்து பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். விருத்தாம்பாள் நேரே மேனேஜர் அறைக்குப் போய், “தெனம் கை வச்சிட்டுத்தான் போறோம். மெஷினும் நன்றின்னு சொல்லுது. அப்புறம் எப்பிடி சார் ஆப்சென்ட் வருது?” என்று கேட்டாள். கேட்டவள் அவள்தான் என்பதால் தண்டனையும் அவளுக்குத்தான் முதலில் என்று செந்தில்நாதன் முடிவு செய்தார். ஆறு பேரும் ஒரு மணிக்கே நழுவிவிடுகிறார்கள், அதற்குத் தலைவி விருத்தாம்பாள் என்று சென்னை ஹெட் ஆபீஸுக்கு எழுதினார். ஆபீஸ்காரர்கள் எல்லோருக்கும் சாயங்காலம் ஐந்தரைப் பதிவு ஒழுங்காக விழுகிறதே, மெஷின் கெட்டுப்போயிருந்தால் அவர்களுக்கும்தானே கெட்டிருக்கும் என்பது அவருடைய வாதம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. விசாரணைக்கு எச்.ஆர். உமாராணி மேடம் ஜூலை முதல் வாரம் வருவதாகப் பதில் வந்தது.

வெறும் வாதம் போதாது என்று மனிதர் ‘சயின்டிஃபிக்’காக ஒரு சாட்சியும் தயாரித்தார். அப்படிப்பட்டவரைத்தான் அந்த மலரில் சிற்பி என்று புகழ்ந்திருக்கிறார்கள்.

டைம் ஆபீஸின் பின்பக்கம் ஒரு இரும்பு அலமாரிக்குள் ஸ்விட்ச் இருக்கிறது. விளக்கு ஸ்விட்ச் இல்லை. எல்லா அறைகளிலிருந்தும் வருகிற நெட்வொர்க் கேபிள்கள் வந்து செருகும் பெட்டி, இருபத்து நான்கு துளை. துளைக்குப் பெயர் போர்ட். விரல் மெஷினின் கேபிள் மூன்றாம் போர்ட்டில். பதிவுகளை வாங்கி வைக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று என் மேஜைக்குக் கீழே கிடக்கிறது, அதற்கு சர்வர் என்று மரியாதைப் பெயர். அது முதல் போர்ட்டில். ஒரு நாள் மதியம் ஒன்றே முக்காலுக்கு செந்தில்நாதன் தன் லேப்டாப்பை இருபதாம் போர்ட்டில் செருகி, கேபிளில் ஓடும் தகவலைப் பிடித்துக் காட்டும் மென்பொருளைத் திறந்துவிட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். இரண்டேகால் வரை பிடித்தார். பிறகு பதினான்கு பக்கம் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டார்.

“பாத்தீங்களா ஜெயராமன்? ரெண்டு மணிக்கு மெஷின்லேர்ந்து சர்வருக்கு ஒரு டேட்டா பாக்கெட்கூடப் போகல. சுத்தமா ஸீரோ. யாருமே விரல் வைக்கல. இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?”

நான் தலையாட்டினேன். எனக்குத் தலையாட்டத் தெரியும்.

மலர்கொடி அந்தப் பதினான்கு பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, பேச்சு வேகமாகும்.

“சார், இவரு எந்தக் காலத்துல படிச்சாருங்க? அப்பல்லாம் ஹப்புன்னு ஒரு பொட்டி இருந்துச்சு. ஒரு ஒயருல வந்ததை எல்லா ஒயருக்கும் கத்திடும். எங்க செருகினாலும் எல்லாரு பேச்சும் கேக்கும். ஸ்விட்ச்சு அப்பிடி கிடையாதுங்க. எந்தப் போர்ட்டுல யாரு இருக்காங்கன்னு பாத்து வச்சிகினு, யாருக்கு வந்திச்சோ அவங்க போர்ட்டுல மட்டும் குடுக்கும். இருபதாம் போர்ட்டுல உக்காந்துகினு மூணாம் போர்ட்டு ஒண்ணாம் போர்ட்டுகிட்ட பேசறது கேக்கலையேன்னா எப்பிடிங்க கேக்கும்?”

எனக்குப் புரியும்படி அவள் தபாலைச் சொன்னாள். எங்கள் ஆபீஸுக்கு வரும் தபால் எல்லாம் என் மேஜைக்கு வந்து, நான் பெயர் பார்த்து அவரவர் மேஜையில் வைப்பேன். காலி மேஜையில் ஒருவர் உட்கார்ந்து, எனக்குக் கடிதமே வரவில்லை, ஆகவே இந்த ஆபீஸுக்கே தபால் வருவதில்லை என்று ஸ்பைரல் பைண்டிங் போட்டால் அவரை என்ன சொல்வது? மேனேஜர் என்று சொல்வோம், வேறென்ன.

அந்தப் பதினான்கு பக்கத்திலேயே ஒரு வரியின் கீழ் அவள் பேனாவால் கோடு போட்டிருந்தாள். நேரம் இரண்டு மணி ஒரு நிமிடம். விரல் மெஷின் எல்லோரையும் பார்த்து, ‘ஒன்றாம் நம்பர் யார்?’ என்று கேட்டிருக்கிறது. ஆளைத் தேடும் இந்தக் கேள்வியை மட்டும் ஸ்விட்ச் எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்புமாம், அதனால்தான் இருபதாம் போர்ட்டிலும் விழுந்திருக்கிறது. போர்ட் நம்பர் வேறு, இது நெட்வொர்க் முகவரி. எங்கள் சர்வரின் முகவரிதான் ஒன்றாம் நம்பர்.

“யாராச்சும் விரல் வச்சாத்தான் சார் அது சர்வரைத் தேடும். சும்மா கெடக்கறப்ப தேடாது. அப்ப ரெண்டு மணிக்கு யாரோ வச்சிருக்காங்க. மேனேஜரே பிரின்ட்டு போட்டு வச்சிருக்காரு, அவருக்கே தெரியல.”

பிறகு அவள் என்னைக் கேட்டது இதுதான்: “நீங்க கேட்டுக்கு எதுருலதான உக்காந்துகினு இருக்கீங்க. ரெண்டு மணிக்கு அவங்க வந்து வரிசையில நிக்கறத தெனம் பாக்கறீங்க. அதை ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க சார். அதுவே போதும்.”

பார்த்தேன்தான். ஒரு நாள் விடாமல் பார்த்தேன். விருத்தாம்பாள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு விரல் வைப்பாள், அதுவும் தெரியும். ஆனால் மலர்கொடியிடம் நான் சொன்னது: “மெஷின்ல என்ன இருக்கோ அதைத்தாம்மா நான் எழுத முடியும். கண்ணால பாத்ததுக்கெல்லாம் எங்க ஃபார்மேட்ல கட்டம் கிடையாது.” இந்த வாக்கியத்தை நான் அன்று எப்படி வாய் கூசாமல் சொன்னேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். மேனேஜரை வெத்துவேட்டு என்று நையாண்டி செய்கிற இந்த வாய்தான் அதையும் சொன்னது.

அவள் ஸ்பைரல் பைண்டிங்கை மூடினாள். “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மனிதன் சாட்சி சொல்ல மாட்டான் என்று ஆன பிறகுதான் அவள் ஸ்விட்சிடம் போனாள். இந்த ஸ்விட்சில் ஒரு வசதி உண்டு. ஒரு போர்ட்டில் வந்து போவதை அப்படியே இன்னொரு போர்ட்டுக்கும் நகல் அனுப்பச் சொல்லலாம். உண்மையான தபால் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும், அதற்கு ஒன்றும் ஆகாது. ஒரு கார்பன் காப்பி மட்டும் நாம் சொல்லும் போர்ட்டில் வந்து விழும். மிரர் என்கிறார்கள். முழுக்க முழுக்க ஈயடிச்சான் காப்பி, ஒரு எழுத்து கூட்டாது, குறைக்காது. எங்கள் ஆபீஸில் அப்படிப்பட்ட நேர்மை அந்தப் பெட்டி ஒன்றுக்குத்தான் இருந்தது.

ஆனால் எங்கள் கம்பெனியில் அலமாரி திறக்க வேண்டுமென்றால்கூட ஒர்க் பெர்மிட் வேண்டும். சுரங்கத்தில் கரன்ட் லைனில் கை வைக்கும் முன் பெர்மிட் வாங்குவார்கள், அது உயிர் காக்கிற காரியம். அதைப் பார்த்து எங்கள் ஆட்கள் டியூப்லைட் மாற்றவும் ஃபேன் துடைக்கவும்கூட பெர்மிட் வைத்துக்கொண்டார்கள். தினமும் காலை பதினொரு மணிக்கு டீயோடு ஒரு கட்டு பெர்மிட் மேனேஜர் மேஜைக்குப் போகும். டீ ஆறுவதற்குள் அத்தனையிலும் கையெழுத்து விழுந்துவிடும்.

மலர்கொடி பொய்யாக ஒன்றும் எழுதவில்லை. வேலை விவரம் என்ற இடத்தில், ‘டைம் ஆபீஸ் ஸ்விட்சில் மூன்றாம் போர்ட்டுக்கு வந்து போவதை இருபத்து நான்காம் போர்ட்டுக்கு நகலெடுத்துப் பதிவு செய்தல், மூன்று நாள்’ என்று முத்து முத்தாக எழுதினாள். கட்டின் நடுவே வைத்தாள். ‘கழிவறைக் குழாய் பழுது’க்கும் ‘புல் வெட்டுதல்’க்கும் இடையில் செந்தில்நாதன் அதில் கையெழுத்துப் போட்டார்.

ஜூலை முதல் வாரம் உமாராணி மேடம் வந்தார். மேனேஜர் அறையில் விசாரணை. செந்தில்நாதன், நான், வாசல் ஓரம் நின்றபடி விருத்தாம்பாள். அவளுக்கு நாற்காலி போடவில்லை. செந்தில்நாதன் ஸ்பைரல் பைண்டிங்கை நீட்டி, பாக்கெட், ப்ரூஃப், ஸீரோ என்று கால் மணி நேரம் பந்தா பண்ணினார். விருத்தாம்பாளின் கேட் பாஸ் விண்ணப்பம் மேடத்தின் முன்னால் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அவள் கண் முழுக்க அந்தத் தாளின்மேல்தான் இருந்தது.

அப்போது மலர்கொடி ஒரு பழைய லேப்டாப்போடு உள்ளே வந்தாள்.

“மேடம், மூணு நாளு மெஷினோட ஒயரை நகல் எடுத்து வச்சிருக்கேன். பாத்துட்டு முடிவு பண்ணுங்க.”

செந்தில்நாதன் எழுந்துவிட்டார். “யாரைக் கேட்டு எடுத்தே? இது ஸ்பையிங் மேடம்! இவ ஹெல்பர், அன்ஸ்கில்டு!”

அவள் பெர்மிட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். மேடம் அதைப் படித்தார். கையெழுத்தைப் பார்த்தார். பிறகு செந்தில்நாதனைப் பார்த்தார். அவர் உட்கார்ந்தார்.

“மூணாம் போர்ட்டு மட்டும்தாங்க மேடம் எடுத்தேன்” என்றாள் மலர்கொடி. “சார் ரூமு பதினேழு. அதை எடுத்திருந்தா சார் நாளெல்லாம் என்னா பாக்கறாருன்னு தெரிஞ்சிருக்கும். எனக்கு அது வேணாம்.”

திரையில் வரிகள் ஓடின. காலை ஆறு மணிப் பதிவுகள் மெஷினிலிருந்து கிளம்பி நேராக சர்வருக்குப் போயிருந்தன. மதியம் இரண்டு மணிக்கும் கிளம்பியிருந்தன. இரண்டு மணி இரண்டு நிமிடம், பணியாளர் எண் நானூற்றுப் பதினேழு. விருத்தாம்பாள். மூன்று நாளும் இருந்தது. ஆனால் போய்ச் சேர்ந்த இடம் சர்வர் இல்லை. ஒன்றாம் நம்பர் யார் என்று மெஷின் கேட்டபோது, நான்தான் என்று இரண்டு பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள். மெஷின் பாவம், கடைசியாகச் சொன்னவரை நம்பி அவரிடம் கொடுத்துவிட்டது. அந்த இன்னொருவர் எந்தப் போர்ட்டில் இருக்கிறார் என்று ஸ்விட்சின் பட்டியலில் அவள் பார்த்து வைத்திருந்தாள்.

“பதினேழு” என்றாள்.

செந்தில்நாதனின் மேஜைக்கடியில், செல்போனில் கிரிக்கெட் பார்க்க அவர் ஜூன் மாதம் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய வைஃபை ரவுட்டர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்த மாதிரிப் பெட்டிகள் பெரும்பாலும் கடையிலிருந்து வரும்போதே ஒன்றாம் நம்பரோடுதான் வரும். அதனால் சர்வருக்கு அந்த நம்பர் வேண்டாம், ஐம்பதோ அறுபதோ கொடுக்கலாம் என்று மெஷின் வாங்கியபோதே மலர்கொடி சொன்னாள். “சர்வருக்கு அறுபதா? சர்வருக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு, அப்புறம் சீனியாரிட்டிப்படி போடு” என்று செந்தில்நாதன் அப்போது உத்தரவு போட்டார். நான் பதினெட்டு. மலர்கொடிக்கு நம்பரே கிடையாது, அவளுக்கென்று கம்ப்யூட்டர் கொடுக்காததால்.

மற்றதெல்லாம் அதிலேயே விளங்கிவிட்டது. மனிதர் பத்து மணிக்கு வந்து அறையின் மெயினைப் போடுவார், ரவுட்டர் உயிர் பெறும். நாலு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார், அது அணையும். அவர் இருக்கிற நேரத்தில் விரல் வைப்பவர்கள் அந்த ஆறு பெண்கள் மட்டும்தான். அவர் லீவு போட்ட நாளில் அவர்களுடைய பதிவும் ஒழுங்காக விழுந்திருந்தது. மெஷின் அனுப்பிய பதிவுக்கு ரவுட்டர் தன் பாஸ்வேர்ட் கேட்கும் பக்கத்தைப் பதிலாக அனுப்பியிருக்கிறது. பதில் வந்துவிட்டதே, போய்ச் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று அந்த மலிவு மெஷின் தன்னிடம் இருந்ததையும் அழித்துவிட்டிருக்கிறது.

“நம்ப முடியலைன்னா இப்பவே பாத்துடலாங்க” என்றாள் மலர்கொடி.

எல்லோரும் கேட்டுக்கு வந்தோம். விருத்தாம்பாள் முந்தானையில் கையைத் துடைத்து விரல் வைத்தாள். நன்றி என்றது மெஷின். சர்வரில் ஒன்றும் வரவில்லை. மலர்கொடி உள்ளே போய்ச் சிவப்புப் பொட்டு வைத்த கேபிளைப் பதினேழாம் போர்ட்டிலிருந்து பிடுங்கிவிட்டு, மெஷின் பழைய பதிலை மறக்கட்டும் என்று ஐந்து நிமிடம் காக்கச் சொன்னாள். மறுபடி விரல். நன்றி. சர்வரின் திரையில் விருத்தாம்பாளின் பெயரும் நேரமும் வந்து நின்றன. அவளுக்குப் படிக்கத் தெரியாது. “வந்துடுச்சா?” என்று மலர்கொடியைக் கேட்டாள். வந்துவிட்டது என்றதும் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

உமாராணி மேடம் கேட் பாஸில் அங்கேயே, என் மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஆறு பேரின் ஆப்சென்ட்டையும் நீக்க உத்தரவு எழுதினார். செந்தில்நாதனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘தொழில்நுட்பக் கோளாறு, மேனேஜர் முன்னிலையில் கண்டறிந்து சரிசெய்யப்பட்டது’ என்று மேடம் எழுதியதை நான்தான் டைப் செய்தேன். கண்டறிந்தவள் யார் என்று அதில் இல்லை. மலரில் வந்த இரண்டு பக்கத்துக்கும் அந்த வரிதான் விதை. மலர்கொடி இன்றைக்கும் ஹெல்பர், அன்ஸ்கில்டு.

பேனாவை மூடிக்கொண்டே மேடம், கேட்டுக்கு நேர் எதிரே போட்டிருக்கும் என் நாற்காலியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“மிஸ்டர் ஜெயராமன், இங்கேதானே உட்கார்றீங்க? ரெண்டு மணிக்கு இவங்க கை வச்சதை நீங்க பாக்கவே இல்லையா?”

சர்வர் திரையில் பெயர் தெரிந்துகொண்டிருந்தது. கேட் பாஸில் கையெழுத்தின் மை காய்ந்துவிட்டது. இனிமேல் யார் எதைச் சொன்னாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. எனக்குத் திடீரென்று தைரியம் வந்துவிட்டது.

“பார்த்தேன் மேடம்” என்றேன், கணீரென்று. “தினமும் பார்த்தேன். ஒரு நாள்கூடத் தவறாம வந்து வச்சிட்டுத்தான் போவாங்க.”

விருத்தாம்பாள் பாஸை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு என் மேஜையைக் கடந்து போகும்போது, என்னைப் பார்க்காமல் மலர்கொடியிடம் சொன்னாள்:

“பொட்டி சொன்னப்புறந்தான் சாருக்குக் கண்ணு தெரியுதும்மா.”

மலர்கொடி அலமாரிக்குள் குனிந்து நகல் எடுத்த கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். “வுடுங்கக்கா, வேல கெடக்குது” என்றாள்.